பாலை மட்டும் நிறுத்துவதா, குறை ஃபாட்மேப் உணவுமுறையா?

உப்புசமும் பேதியும் அடிக்கடி தலைதூக்கும்போது, ஒவ்வாத உணவைக் கண்டறியப் பாலை மட்டும் விலக்குவதா, ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகம் வகுத்த குறை ஃபாட்மேப் முறைக்கு (குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் நொதித்து வாயு உண்டாக்கும் சில கார்போஹைட்ரேட் வகைகளைக் குறைக்கும் உணவுமுறை) போவதா என்று பலர் தடுமாறுகின்றனர்.

காலம்: பாலுக்கு 2 வாரம் போதும். ஃபாட்மேப் முறையில் விலக்கலுக்கே 2 முதல் 6 வாரம் ஆகும். அதன்பின் ஒவ்வொரு வகையாகத் திரும்பச் சேர்த்துச் சோதிக்க மேலும் பல வாரங்கள் வேண்டும்.

எளிமை: முன்னதில் பால், காபி, பாயசம் போன்றவை மட்டுமே விலகும். பின்னதில் வெங்காயம், பூண்டு, கோதுமை, பெரும்பாலான பருப்புகள் விலகுவதால் சாம்பாரே இல்லாமற்போகிறது. பூண்டை எண்ணெயில் வதக்கி எடுத்துவிட்டால் மணம் மட்டும் தங்கும், ஏனெனில் அதிலுள்ள ஃப்ரக்டான் என்னும் ஃபாட்மேப் வகை எண்ணெயில் கரையாது. கடைப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கலாம் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை.

தெளிவு: இரண்டிலும், வயிறு அமைதியான பிறகு அதே உணவை மீண்டும் உண்டு, தொல்லை திரும்பினால் மட்டுமே அதைக் குற்றஞ்சாட்டலாம்.

பால் குடித்த சில மணி நேரத்தில் தொல்லை வருவோருக்கு முதல்வழியே போதும். எரிச்சல் குடல் நோய் உறுதியாகி, காரண உணவு புலப்படாதவர்கள் உணவியல் நிபுணரின் துணையுடன் இரண்டாவதை நாடலாம். ஆனால் கோதுமையை நிறுத்துமுன் சீலியாக் நோய்க்கான (கோதுமையிலுள்ள குளூட்டன் புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய்) இரத்தப் பரிசோதனையை முடித்துவிட வேண்டும். மலத்தில் இரத்தமோ காரணமற்ற எடைக்குறைவோ இருந்தால், முதலில் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.