நூலக அட்டையில் ஆன்செஸ்ட்ரி: வன்னிக் குடும்பங்களுக்கு எவ்வளவு தேறும்?

பரம்பரை தேடும் தளங்களுக்குச் சந்தா கட்ட மனமில்லாதவர்களுக்கு, வெளிநாட்டு உறவினரின் நூலக அட்டை நல்ல வழிதான். ரொறன்ரோ பொது நூலகத்தில் ஆன்செஸ்ட்ரியின் நூலகப் பதிப்பு இலவசம். ஆனால் நூலகத்துக்குள் இருந்துதான் பார்க்கலாம். அட்டை இலக்கத்தை வாங்கிக் கிளிநொச்சியில் இருந்து நுழையலாம் என்று நினைக்க வேண்டாம். மைஹெரிட்டேஜ் என்ற இன்னொரு தளத்தின் நூலகப் பதிப்பு பல நூலகங்களில் வீட்டிலிருந்தும் திறக்கும். அங்கும் அட்டைக்குரியவரே தேட வேண்டும்.

ஆகவே உங்கள் பங்கு, கேள்வியை ஒழுங்காக எழுதி அனுப்புவது. "அப்பப்பாவைத் தேடிப் பார்" என்று வாட்ஸ்அப்பில் குரல்பதிவு போட்டால் ஒன்றும் வராது. பெயர், தகப்பன் பெயர், ஏறத்தாழப் பிறந்த ஆண்டு, வெளிநாடு போன ஆண்டு, இறங்கிய துறைமுகம் எல்லாம் வேண்டும்.

பெரிய தலையிடி பெயர்தான். கந்தையாவின் மகன் சின்னத்தம்பி, குடும்பப் பெயர்க் கட்டத்தில் கந்தையாவாகவும் இருப்பார், சின்னத்தம்பியாகவும் இருப்பார். இரண்டு விதமாகவும் தேடுங்கள். ஆங்கிலத்தில் அதே சின்னத்தம்பி 'எஸ்'ஸிலும் தொடங்கும், 'சிஎச்'சிலும் தொடங்கும். 'டி'க்குப் பின் 'எச்' வந்தாலும் வரும், வராமலும் விடும். ஐமிச்சமான இடத்தில் நட்சத்திரக் குறி போடலாம், ஆனால் குறைந்தது மூன்று எழுத்தாவது கொடுக்க வேண்டும். பிறந்த இடம் 'சிலோன்'. 1972க்கு முந்திய பதிவுகளில் ஸ்ரீலங்கா இராது.

நூலகப் பதிப்பில் குடும்ப மரம் சேமிக்க முடியாது. கண்டெடுத்த பதிவை வெளிக்கிட முன் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட வேண்டும்.

இனி உண்மையைச் சொன்னால், ஆன்செஸ்ட்ரியில் உள்ள, பிரித்தானியாவுக்கு வந்திறங்கிய கப்பல் பயணிகள் பட்டியல் 1878 முதல் 1960 வரைதான். 1983க்குப் பிறகு விமானமேறிய எங்கள் சனம் அதில் இல்லை. முன்னரே படிக்கவோ உத்தியோகத்துக்கோ போன கிளைக்கு மட்டும் பயன். மலாயாவுக்குப் போனவர்களுக்கு சிங்கப்பூர் தேசிய நூலகச் சபையின் பழைய பத்திரிகைத் தளம் இதைவிடத் திறம். அங்கே தேட அட்டையே தேவையில்லை.

ஃபமிலிசேர்ச் என்ற பரம்பரைத் தளமும் இலவசம், ஒரு கணக்குத் திறந்தால் போதும். பதிவுக்குப் பக்கத்தில் உள்ள கமராப் படத்துக்கு மேல் திறப்பு (சாவி) அடையாளம் இருந்தால் அந்தப் பக்கத்தைப் பெரும்பாலும் ஃபமிலிசேர்ச் மையத்திலோ அதோடு இணைந்த நூலகத்திலோதான் பார்க்கலாம். உங்கள் ஃபோனில் பிழையில்லை.

வன்னிக்குள்ளேயே இருந்த குடும்பங்களுக்கு இந்தத் தளங்கள் எதுவும் பெரிதாக உதவா. வட்டக்கச்சி, முத்தையன்கட்டுப் போன்ற குடியேற்றத் திட்டக்காரர் முதலில் வீட்டிலுள்ள எல்.டீ.ஓ. பெர்மிட்டை (காணி அனுமதிப்பத்திரத்தை) எடுத்துப் பார்க்கட்டும். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வந்த அந்தத் தாளில் பின்னுரித்தாளர் பெயர் இருக்கலாம். பள்ளிக்கூடச் சேர்வு இடாப்பில் தகப்பன் பெயரும் பிறந்த திகதியும் கிடைக்கும். மன்னார், வவுனியாக் கத்தோலிக்கர் பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டோடு நிற்க வேண்டாம். மன்னார் மறைமாவட்டம் 1981இல்தான் பிரிந்தது. அதற்கு முந்தியவற்றுக்கு யாழ்ப்பாண ஆயர் இல்லத்திலும் கேட்டுப் பாருங்கள்.