விட்டுவிட்டு வரும் ஹைபிரிட் கோளாறு: ஏஜென்டா, கராஜா, சொந்த ஸ்கேனரா?

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் நம் வீதிகளில் ஓடிய, பெற்றோல் எஞ்சினும் பற்றரி மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் கார்களான டொயோட்டா பிரியஸ்களுக்கும் அக்வாக்களுக்கும் வயது ஏறியது. அவற்றை விற்றுவிட்டு வேறு வாங்கலாம் என்ற நினைப்பும் பலருக்குப் போய்விட்டது. இந்த வயதில் அடியோடு பழுதாகி நின்றுவிடும் வண்டிகூட ஒருவகையில் நிம்மதி. ஏ9 வீதியில் நண்பகல் வெயிலில் சிவப்பு முக்கோணம் எரிந்து, ஜப்பானிய எழுத்தில் ஏதோ எச்சரிக்கை வந்து, மறுநாள் காலை எதுவுமே நடக்காததுபோல் ஓடும் வண்டிதான் ஆளைப் படுத்துகிறது. கராஜுக்குக் கொண்டுபோனால் அங்கே அது சமர்த்தாக நிற்கும்.

இதற்கு நான்கு வழிகள் சொல்வார்கள். கார்க் கம்பனியின் அதிகாரபூர்வ ஏஜென்டிடம் போவது, ஹைபிரிட் மட்டும் பார்க்கும் தனியார் கராஜைத் தேடுவது, வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரைச் சொந்தமாக வாங்கிக் கவனிப்பது, சந்தேகப்படும் பாகத்தை மாற்றிப் பார்ப்பது. யாருக்குக் கைத்திறன் அதிகம் என்று இவற்றை ஒப்பிடுவதில் பயனில்லை. கோளாறு தலைகாட்டும் அந்தச் சில நிமிடங்களில் அளவெடுக்கப் போவது யார் என்று பார்க்க வேண்டும்.

மாற்றிப் பார்க்கும் வழியை முதலிலேயே தள்ளிவிடலாம். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய பாகங்கள் கிடைக்கும், உண்மைதான். ஆனால் விட்டுவிட்டு வரும் கோளாறு எதை மாற்றினாலும் சில நாள் ஒளிந்துகொள்ளும். மாற்றிய பாகம்தான் குணப்படுத்தியது என்று நம்பிப் பணம் கொடுத்த பிறகு திரும்பி வரும்.

ஏஜென்டின் பலம், கோளாறு கண்டறியும் டொயோட்டாவின் முறையான டெக்ஸ்ட்ரீம் மென்பொருளும், உயர் மின்னழுத்தத்தில் பாதுகாப்பாக வேலை செய்யும் ஒழுங்கும். பலவீனம், வண்டியின் கணினி பதிவுசெய்யும் கோளாறுக் குறியீட்டுக்கு ஏற்பவே அங்கு வேலை நடக்கும். பி0ஏ80 வந்தால் பற்றரித் தொகுதி முழுவதையும் மாற்று என்பதே அதன் பொருள். குறியீடு எதுவும் பதிவாகாவிட்டால் 'கோளாறு இல்லை' என்று வண்டி திரும்பி வரும்.

நல்ல தனியார் கராஜ் இங்கேதான் மேலானது. இரண்டாம் தலைமுறை பிரியஸின் பற்றரியில் 7.2 வோல்ட் கொண்ட 28 மொடியூல்கள் (சிறு பற்றரி அலகுகள்), இரண்டிரண்டாக 14 தொகுதிகளாகக் கண்காணிக்கப்படுகின்றன. அவற்றை இணைக்கும் செப்புத் தகடுகளில் பச்சைக் களிம்பு ஏறினாலும், மின்னழுத்தத்தை அளக்கும் மெல்லிய கம்பியின் முனை அரித்தாலும், நல்ல பற்றரியே கெட்டதாகக் காட்டும். மூடியைத் திறந்து பார்ப்பவருக்குத்தான் இது தெரியும். ஆனால் ஒரு மொடியூலை மட்டும் மாற்றித் தருகிறேன் என்பவரிடம் கவனம் தேவை: பக்கத்தில் இருப்பவையும் அதே வயதுதான், அடுத்து அவை விழும். இன்னொரு பொதுக் குறை, வண்டி உள்ளே வந்ததும் குறியீட்டை அழித்துவிட்டு 'ஓட்டிப் பாருங்கள்' என்பது. குறியீட்டோடு சேர்ந்து, அது பதிவான கணத்தின் வேகம், வெப்பநிலை, சார்ஜ் அளவு எல்லாம் அழிந்துபோகும். அதுவரை கிடைத்த ஒரே சாட்சி அதுதான்.

எனவே முதல் செலவு ஸ்கேனருக்கு என்பேன். வண்டியில் செருகினால் கைபேசிச் செயலிக்குத் தரவு அனுப்பும் ப்ளூடூத் அடாப்டரே போதும், ஆனால் மலிவானவற்றில் போலிகள் மிகுதி. பொதுவான செயலிகள் பெரும்பாலும் எஞ்சினை மட்டுமே படிக்கும். டாக்டர் பிரியஸ், ஹைபிரிட் அசிஸ்டன்ட் போன்றவை பற்றரித் தொகுதிகளின் மின்னழுத்தத்தையும் வெப்பத்தையும் காட்டும். பக்கத்து இருக்கையில் ஒருவரை வைத்து, ஏற்றத்தில் அழுத்தி ஓட்டும்போது பார்க்கச் சொல்லுங்கள். ஒரு தொகுதி மட்டும் மற்றவற்றைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் சரிந்தால் சந்தேகம் அங்கே.

ஸ்கேனரோடு ஒரு கொப்பியும் வேண்டும், ஏனெனில் எப்போது வருகிறது என்பதே பாதி விடை. நீண்ட ஓட்டத்தில், வெயிலில் வந்தால் பற்றரியையும், பின் இருக்கையருகே இருக்கும் அதன் விசிறித் துவாரத்தையும் பாருங்கள். பயணப் பை அதை அடைத்திருந்தாலே போதும். நாள்கணக்கில் நிறுத்திவைத்து எடுக்கும்போது பல விளக்குகள் சேர்ந்து எரிந்தால், பெரிய பற்றரியை விட்டுவிட்டு 12 வோல்ட் பற்றரியைச் சோதியுங்கள். நெரிசலிலும் மலையேற்றத்திலும் வந்தால், பற்றரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டரின் கூலன்ட் பம்பைப் பாருங்கள்: வண்டி ஓடத் தயாரான 'ரெடி' நிலையில் இன்வெர்ட்டர் கூலன்ட் தொட்டியைத் திறந்தால் நீர் அசைய வேண்டும். இரண்டாம் தலைமுறை பிரியஸுக்கு இந்தப் பம்புக்காக 2012இல் டொயோட்டாவே ரீகோல் (வண்டிகளைத் திரும்ப அழைத்துத் திருத்துவது) அறிவித்தது.

மழை நாளில் மட்டும் வருவது வேறு கதை. பி0ஏஏ6 என்றால் உயர் மின்னழுத்தம் எங்கோ வண்டியின் உடலுக்குக் கசிகிறது. அதன் மூன்று இலக்க உபகுறியீடு ஏசி கொம்ப்ரசரா, பற்றரியா, கியர்ப்பெட்டியா என்று பகுதியைக் காட்டும். ஆனால் சாதாரண மல்டிமீட்டரால் இந்தக் கசிவைப் பிடிக்க முடியாது, மின்காப்பைச் சோதிக்கும் 500 வோல்ட் மெகர் கருவி வேண்டும். இங்கே சொந்தக் கைவரிசை கூடாது. செம்மஞ்சள் கம்பிகளில் 200 வோல்ட்டும் அதற்கு மேலும் ஓடுகிறது. உயர் மின்னழுத்தப் பற்றரியைத் துண்டிக்கும் சேர்விஸ் பிளக்கைக் கழற்றிய பிறகும் மின்தேக்கிகள் வெறுமையாகப் பத்து நிமிடமாவது காத்திருக்க வேண்டும். மெகர் வைத்திருப்பவர் ஏஜென்ட் என்றால் ஏஜென்டிடமே போங்கள்.

ஸ்கேனர் தோற்கும் இடமும் உண்டு. மூன்றாம் தலைமுறை பிரியஸின் 1.8 லீற்றர் எஞ்சின் காலையில் உதறிக்கொண்டு எழுந்து, சில விநாடியில் சரியாகிவிடும். ஹைபிரிட் பற்றரிதான் என்று பலர் முடிவுகட்டுவார்கள். பெரும்பாலும் காரணம், புகை மறுசுழற்சிப் பாதை கரியால் அடைபட்டிருப்பதும், எஞ்சின் தலைப்பகுதியை அடைக்கும் ஹெட் கஸ்கட் வழியாக இரவில் சிலிண்டருக்குள் கசியும் கூலன்ட்டும்தான். கூலன்ட் அமைப்பில் அழுத்தம் ஏற்றி இரவு முழுக்க வைத்து, காலையில் ஸ்பார்க் பிளக் துளை வழியே கமரா விட்டுப் பார்க்கும் பொறுமையான கராஜ்தான் இதைக் கண்டுபிடிக்கும். வண்டியை முதல்நாள் மாலையே விடச் சொல்லும் மெக்கானிக்கை நம்பலாம்.

ஹோண்டா ஃபிட், வெசல் ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என் வரிசை தலைகீழ். 2013இல் வந்த அவற்றின் ஏழு கியர் இரட்டைக் கிளச் அமைப்பின் கட்டுப்பாட்டு மென்பொருளுக்காக ஜப்பானில் பலமுறை ரீகோல் நடந்தது. சேசிஸ் இலக்கத்தை ஹோண்டாவின் ஜப்பானிய இணையத்தளத்தில் கொடுத்து, திருத்தம் நடந்ததா என்று பார்த்துவிட்டு, நடக்கவில்லையென்றால் ஏஜென்டிடம் தொடங்குங்கள். ஸ்கேனர் வாங்குவது பிறகு.