எல்லை ஒழுங்கையைப் பிரதேச சபை வீதியாக்கும் சேவை: வன்னியில் எது சரி, எது இழுபடும்

இரண்டு காணிகளுக்கு நடுவே போகும் ஒழுங்கையைப் பொது வீதியாக்கும் வேலை ஒரு கந்தோரில் முடிவதில்லை. சேர்வையர் (நில அளவையாளர்), பிரதேச செயலகக் காணிக் கிளை, நொத்தாரிசு, காணிப் பதிவகம், பிரதேச சபை என்று ஐந்து கை மாறும். இதில் கொடுத்த காசுக்குப் பெறுமதியானது சேர்வையர் வேலை. இழுபடுவது பிரதேச செயலகத்துக்கும் பிரதேச சபைக்கும் இடையில் ஓடும் கடிதங்கள்.

ஒரு தவறான நம்பிக்கையை முதலில் தீர்த்துவிட வேண்டும். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் ஒரு மைல் சதுரமாக நிலம் அளந்த 'செக்‌ஷன்' கோடுகளின் இரு பக்கமும் 33 அடி வீதம், மொத்தம் 66 அடி, சட்டப்படியே பொது வழி. கனடாவின் பிரேரி மாகாணங்களிலும் அளவை போட்டபோதே வீதிக்கு இடம் விட்டார்கள். அங்கிருக்கும் சொந்தங்கள் இதைச் சொல்லும்போது இங்கும் எல்லையென்றால் ரோட்டுக்கு உரியது என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். இலங்கையில் அப்படியான பொது விதி கிடையாது. எல்லைக்கோட்டுக்கு அகலம் இல்லை. வீதிக்குரிய நிலம் யாரோ ஒருவருடைய காணியிலிருந்துதான் வர வேண்டும்.

யாருடையது என்பதை வேலியைப் பார்த்துச் சொல்ல முடியாது. கிளுவையும் பூவரசும் நட்டவர் வசதிக்கு நட்டவை. போருக்குப் பிறகு பல இடங்களில் எல்லைக்கற்களே இல்லை. டோசர் தள்ளிய மண்ணணைக்குள் போனவை ஏராளம். ஆகவே முதல் வேலை, மாவட்ட நில அளவை அலுவலகத்தில் அந்தக் காணித் துண்டுகளின் பிளான் பிரதி எடுப்பது. குடியேற்றத் திட்டக் காணிகளில் ஒழுங்கை போகும் கீலம் (ஒடுங்கிய நிலத்துண்டு) 'வீதி ஒதுக்கம்' என்றே காட்டப்பட்டிருக்கலாம். அப்படியென்றால் பாதி வேலை முடிந்தது. நிலம் ஏற்கெனவே அரசினுடையது, யாரும் நன்கொடை எழுதத் தேவையில்லை. கற்களை மீள நட்டு, அத்துமீறியிருப்பவரை 1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க அரச காணிகள் (உடைமை மீளப்பெறல்) சட்டத்தின் கீழ் எழுப்பலாம். பிளான் பிரதி பார்க்காமல் அயலவரிடம் கையெழுத்துக்கு அலைபவர்கள் இந்த வசதியைக் கோட்டை விடுகிறார்கள்.

ஒதுக்கம் இல்லையென்றால் காணியின் வகை பார்க்க வேண்டும். 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிற் காணியாக இருந்தால், பெர்மிற்காரர் தன் இஷ்டத்துக்குக் கீலம் விட்டுக் கொடுக்க முடியாது. கோரிக்கை பிரதேச செயலாளர் ஊடாகவே போக வேண்டும். தனியார் உறுதிக் காணியென்றால் சபையின் பெயருக்கு நன்கொடை உறுதி வேண்டும். கிராம அலுவலர் முன்னிலையில் எழுதிய சம்மதக் கடிதம் பேச்சுவார்த்தைக்கு உதவும், உரிமையை மாற்றாது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காணி மாற்றத்துக்கு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் கேட்கிறது. வடபகுதித் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மனைவியின் சீதனக் காணியென்றால் கணவரின் எழுத்துச் சம்மதமும் சேர வேண்டும். அடிக்கடி விடுபடுவது இதுதான். வங்கியில் ஈடு இருந்தால் வங்கியின் சம்மதமும் வேண்டும். ஒழுங்கை வாய்க்கால் அணையிலோ காட்டு எல்லையிலோ ஏறினால், நீர்ப்பாசனம், கமநல சேவை, வனவளம் என்று உரிய திணைக்களத்தின் இணக்கமின்றிச் சபை அதில் கை வைக்க முடியாது.

சேர்வையரிடம் போகும் முன் கணக்கைப் போட்டு அயலவரிடம் காட்டுங்கள். 330 அடி நீளமும் 132 அடி அகலமும் கொண்ட சரியான ஓர் ஏக்கரில், நீளப் பக்கமாக 10 அடி விட்டால் 3,300 சதுர அடி, அதாவது 12 பேர்ச்சுக்குச் சற்றுக் கூட. மறுபக்கத்தவரும் 10 அடி விட்டால் 20 அடி வீதி. ஒருவரே முழுவதும் விட்டால் 24 பேர்ச்சைத் தாண்டும், 160 பேர்ச் ஏக்கரில் ஏறத்தாழ ஏழில் ஒன்று. இந்த எண்ணைத் தாளில் கண்ட பிறகே பலர் இணங்குகிறார்கள், அல்லது நேர்மையாக மறுக்கிறார்கள். இரண்டும் நல்லது. 12 அடி போதும் என்று சுருக்குவது பிழை. பெட்டி பூட்டிய ரக்ரர் போகும், எதிரே அறுவடை மெசின் வந்தால் ஒன்று பின்னுக்குப் போக வேண்டும், வாய்க்கால் வெட்டவும் இடமிராது.

அளவை உரிமம் பெற்ற நில அளவையாளர் செய்ததாக இருக்க வேண்டும். கைபேசி ஜி.பி.எஸ். பல மீற்றர் தவறும். நீங்கள் பேசும் 10 அடியே மூன்று மீற்றர்தான். வீதிக் கீலத்தைத் தனித் துண்டாக, இலக்கமும் பரப்பும் போட்டு வரையச் சொல்லுங்கள். வெறும் இரட்டைக் கோடு போட்ட பிளானை வைத்து உறுதி எழுத முடியாது. கற்களை இரு பக்கத்தவரும் நிற்கும்போதே நட வேண்டும்.

உறுதியைக் காணிப் பதிவகத்தில் பதிந்த பிறகு சபைக்கு விண்ணப்பம். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் தீர்மானம், ஆட்சேபனைக்கான அறிவித்தல், வர்த்தமானி என்று போகும். கரைச்சியோ துணுக்காயோ வவுனியா வடக்கோ, ஒழுங்கு இதுவே. இங்கே நடக்கும் பெரிய தவறு, கிறவல் முதலில் வந்துவிடுவது. ஒதுக்கீட்டுக் காசின் தவணை முடிவதற்குள் கிறவலைக் கொட்டி விடுகிறார்கள். ஆனால் கிறவல் போட்ட நிலம் அதனாலேயே பொதுவாகிவிடாது. காணி கைமாறியதும் புதுச் சொந்தக்காரர் வேலியைக் குறுக்கே போட்டால், தீர்மானப் பிரதிகூட இல்லாத மக்கள் வாயடைத்துப் போகிறார்கள்.

அயலவர் மறுத்தால் நன்கொடை உறுதி வழி அடைபடும், நீதிமன்ற வழி திறந்திருக்கும். உறுதியில் 'வழிவாய்க்கால் உரித்து' (பாதையும் வாய்க்காலும் பாவிக்கும் உரிமை) என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். வேறு பாதையே இல்லாத காணிக்கு அவசிய வழியுரிமையும் கேட்கலாம். பத்து வருடத் தொடர் பாவனையால் வழியுரிமை வந்தது என்பதை இடம்பெயர்ந்தவர் நிறுவுவது கடினம், அரச காணிக்கு எதிராக அந்த வாதம் எடுபடாது. திடீரென்று பாதையை அடைத்துக் கைகலப்பு வரும் நிலையென்றால், 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ் ஆரம்ப நீதிமன்றம் போகலாம். இவற்றில் கிடைப்பது உங்கள் காணிக்கான வழி, ஊருக்கான வீதி அல்ல.

அளவையைப் பெரும்போக அறுவடை முடிந்ததும் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்கு முன் கல் இறுகும், மதகு எங்கே வேண்டும் என்பதும் காய்ந்த தடத்தில் தெரியும். வர்த்தமானி வந்ததும் சபையின் வீதிப் பதிவேட்டில் இலக்கம், நீளம், அகலம் மூன்றும் பிளானோடு ஒத்துப் போகிறதா என்று பார்த்து, அந்தப் பக்கத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.