யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் வச்சிருக்கவங்க கவனத்துக்கு: ஒரு ரப்பரால எனக்கு 8,600 ரூபாய் போச்சு

நேத்து சாயங்காலம் விராலிமலை தாண்டி மதுரை ரோட்டுல போயிட்டு இருக்கும்போதே பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கிச்சு. கிளட்சைப் பிடிக்கலைன்னா பின்னாடி வந்த லாரிக்கு அடியில போயிருப்பேன். பிஸ்டன் ஜாம், இன்ஜினுக்குள்ள ஓடுற பிஸ்டன் சிலிண்டர்லயே இறுகிப் பிடிச்சுக்கிச்சு. எங்கப்பா 1994ல வாங்கின வண்டி, நேத்து வரைக்கும் இன்ஜின் பிரிச்சதே கிடையாது.

நாலு நாளைக்கு முன்னாடிதான் திருச்சியில ஒரு பட்டறையில கார்பரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புற பாகம்) சர்வீஸ் பண்ணேன். பழைய யமஹாவுக்குன்னே பேர் வாங்கின இடம். பேர் சொல்லல. அந்த அண்ணன் வண்டியை ஸ்டார்ட் பண்ணி, கண்ணை மூடிக் காது கொடுத்துக் கேட்டாரு. "அப்பா வண்டியா தம்பி? என் சொந்த வண்டி மாதிரி பாத்துக்கறேன், நீ போய் டீ சாப்பிட்டு வா"ன்னாரு. அந்த ஒரு வார்த்தையில விழுந்துட்டேன். வேற யாரு கழட்டினாலும் பக்கத்துலயே நிக்கிற ஆளு நான், அன்னைக்கு எந்திரிச்சுப் போயிட்டேன்.

திரும்பி வந்தா வேலை முடிஞ்சிருந்தது. கார்பரேட்டர் கிளீனிங், புது மேனிஃபோல்டு ரப்பர் (கார்பரேட்டரை இன்ஜினோட சேக்கிற ரப்பர்), கூலி எல்லாம் சேத்து 1,900. ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் சத்தம் சட்டுனு இறங்கல, கொஞ்ச நேரம் கத்திட்டுத்தான் அடங்குச்சு. கேட்டேன். "புது ரப்பர் தம்பி, நூறு கிலோமீட்டர் ஓடினா செட் ஆயிடும்"னாரு. நம்பினேன்.

நேத்து ராத்திரி குட்டியானையில ஏத்திட்டு வர 1,200. இன்னைக்குக் காலையில தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர் என் கண்ணு முன்னாடியே கழட்டினாரு. புது ரப்பரே இல்லைங்க! அதே பழைய ரப்பர், கல்லு மாதிரி இறுகிப்போனது. கார்பரேட்டர் உள்ள இறங்கலைன்னு ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பியிருக்காங்க, உள் விளிம்பு ரெண்டு சென்டிமீட்டருக்குக் கிழிஞ்சிருக்கு. கிழிசல் மேல கறுப்பு சிலிக்கான் பேஸ்டைப் பூசி மறைச்சிருக்காங்க. அது பெட்ரோல் பட்டா ஊறி உரிஞ்சிடும். அந்த வழியா காத்து உள்ள போயிருக்கு. டூ ஸ்ட்ரோக் இன்ஜின்ல காத்து கூடிப்போச்சுன்னா சூடு ஏறி பிஸ்டன் பிடிச்சுக்கும். ஸ்பார்க் பிளக்கைக் கழட்டினா சுண்ணாம்பு மாதிரி வெள்ளை, காத்து கூடிப்போனதுக்கு அதான் அடையாளம். லேத்துல போர் அடிச்சு (சிலிண்டர் உள்பக்கத்தைக் கடைஞ்சு) பிஸ்டன் செட் மாத்த 5,500. மொத்தம் 8,600 ரூபாய்.

பட்டறைக்கு போன் போட்டேன். முதல்ல "ஆயில் கம்மியா ஊத்தியிருப்ப". அடுத்த தடவை "முப்பது வருஷ வண்டி தம்பி, இதெல்லாம் வரத்தான் செய்யும்". மூணாவது தடவை எடுத்தது கடைப் பையன், "அண்ணன் வெளியூர் போயிருக்காரு". பின்னாடி அவர் குரல் கேக்குது! நேர்லயே போய் கிழிஞ்ச ரப்பரைக் காட்டினேன். "இது நான் போட்டதே இல்ல, நீ எங்கயோ மாத்திட்டு வந்திருக்க"ன்னு பத்துப் பேர் முன்னாடி சொல்றாரு. பில் கேட்டா அவங்க கடையில பில் பழக்கமே கிடையாதாம். 8,600 ரூபாய் எனக்கு அரை மாசச் சம்பளம். பணம்கூடப் போகட்டும், அப்பாகிட்ட இன்னும் சொல்லல.

இறுகின ரப்பர்ல கார்பரேட்டரை எப்படி மாட்டணும்னு விவரமா எழுதலாம்னுதான் உக்காந்தேன், ஆனா ஆத்திரத்துல எதுவும் ஓடல. இன்னைக்குப் பாத்ததை மட்டும் சொல்றேன். ரப்பரைச் சுடுதண்ணியில போட்டு இளக்கிட்டு, விளிம்புல லேசா சோப்புத் தண்ணி தடவி, கையாலயே அழுத்தி மாட்டணும். ஏர் ஃபில்டர் பாக்ஸ் போல்ட்டைத் தளர்த்திப் பின்னாடி தள்ளினா இடம் கிடைக்கும். நேரா முழுசா உக்காந்த பிறகுதான் கிளாம்ப் முறுக்கணும். ஸ்க்ரூடிரைவர் எடுத்தாலே வேலையை நிறுத்தச் சொல்லுங்க. வெடிப்பு இருந்தா பேஸ்ட் வேணாம், ரப்பரையே மாத்துங்க, கழட்டின பழசைக் கையில வாங்கிக்கோங்க. ஆக்சிலரேட்டரை விட்டதும் இன்ஜின் சத்தம் இறங்கலைன்னா வண்டியை எடுக்காதீங்க. பக்கத்துலயே நில்லுங்க, டீக்குப் போகாதீங்க.

லேத்துல இருந்து போன் வருது, சிலிண்டர் வாங்கப் போகணும்.