ஸ்பிரிங்ளரா, சொட்டுநீரா? வன்னி வளவுக்கு எது தாங்கும்?

கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் இப்போது கட்டுகிற வீடுகளில் முன்முற்றத்தில் புல்லும் பின்வளவில் கத்தரி, பப்பாசியும் வைக்கிறார்கள். ரைமரைப் பூட்டி, தண்ணீர் தானாகப் போகட்டும் என்று நினைக்கும்போதுதான் தண்ணீரைச் சுற்றித் தூவும் ஸ்பிரிங்ளரா, குழாய் வழியே வேரடியில் சொட்டவிடும் சொட்டுநீரா என்ற கேள்வி வருகிறது. இரண்டும் பழுதாகும். எப்படிப் பழுதாகும் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குவதுதான் நல்லது.

ஸ்பிரிங்ளருக்கு இங்கே முதல் எதிரி சோளகம் என்ற தென்மேற்குக் காற்று. அந்தக் காற்று அடிக்கும் மாதங்களில் பகல் பத்து மணிக்குத் திறந்துவிட்டால், தண்ணீரில் ஒரு பங்கு மதிலை நனைக்கும், இன்னொரு பங்கு நிலத்தில் படாமலே ஆவியாகிவிடும். ஒரு பக்கப் புல் மஞ்சளாகக் காயும், மறுபக்கம் சேறாகும். விடியப்புறம் நான்கு, ஐந்து மணிக்கு ரைமரை வைத்தால் இதில் பெரும்பகுதி தீரும். அழுத்தம்தான் தீராது. ஸ்பிரிங்ளர் தலைகள் பெரும்பாலும் 2 முதல் 3 பார் (அழுத்த அலகு) வரை கேட்கும். பத்தடி உயரத்தில் வைத்த தண்ணீர்த் தாங்கி தருவது ஏறக்குறைய 0.3 பார். ஆகவே தனி மோட்டர் வேண்டும், கரண்ட் போனால் அன்றைய தண்ணீரும் போச்சு.

சொட்டுநீருக்குக் காற்று பொருட்டே இல்லை. குழாயில் பூட்டும் சொட்டுமுனையை இங்கே துளை என்கிறேன்; ஒரு துளை மணிக்கு 2 அல்லது 4 லீற்றர்தான் விடும், அதுவும் வேரடியில். குறைந்த அழுத்தத்துக்கான துளைகளும் நீளம் குறைந்த குழாய்களும் என்றால் தாங்கித் தண்ணீரே போதும். ஆனால் இதன் பழுது சத்தம் போடாது. உங்கள் வீட்டுக் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா? அதே சுண்ணாம்புதான் அந்தச் சின்னத் துளைக்குள்ளும் படிகிறது. குளத்துத் தண்ணீர் என்றால் பாசி வந்து அடைக்கும். மிளகாய்க் கன்று வாடி நிற்கும்போதுதான் நமக்குத் தெரியவரும். குழாயின் கடைசி மூடியைக் கழற்றித் தண்ணீரை வேகமாக விட்டுப் பாருங்கள், முதலில் கலங்கலும் வெள்ளைத் துகளும் வந்து பிறகு தெளியும். கழற்றக்கூடிய துளைகளை வினாகிரியில் ஊறவைத்தால் சுண்ணாம்பு கரையும். அப்புறம் அணில். வெயிலில் கிடக்கும் குழாயைக் கடித்துவிடும், சருகு மூடாக்குப் போட்டு மறைத்தால் சேதம் குறையும்.

ரைமரும், அது சொல்லும் நேரத்தில் தண்ணீரைத் திறந்து மூடும் மின்வால்வும் இரண்டுக்கும் பொது. முள் சுற்றும் பழைய வகை ரைமர் கரண்ட் இல்லாத நேரம் நின்று, பிறகு அவ்வளவு நேரம் பிந்தி ஓடும். பற்றரி உள்ளதையே வாங்குங்கள். மின்வால்வின் றப்பர்த் தகட்டில் ஒரு மணல் துகள் சிக்கினாலே வால்வு முழுதாக மூடாது, விடியும்போது தாங்கி வெறுமையாகக் கிடக்கும். சாதாரண மின்வால்வுகள் பல தாங்கியின் சிறிய அழுத்தத்தில் ஒழுங்காக வேலை செய்வதில்லை, அழுத்தம் தேவைப்படாத வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

நான் சொட்டுநீர்ப் பக்கம்தான். கோடையில் கிணறு இறங்கும் ஊரில் ஆவியாகப் போகும் தண்ணீரை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. புல்லுக்கு ஸ்பிரிங்ளர்தான் சரி, அதனால் புல்லின் அளவைச் சிறிதாக வையுங்கள். கையில் காசு குறைவென்றால் ரைமருக்கு முதல் நல்ல 120 மெஷ் (சல்லடைக் கண்ணின் நுண்மை) பில்டரை வாங்குங்கள், கிழமைக்கு ஒருதரம் கழுவுங்கள். ஒக்டோபரில் மாரி தொடங்கியதும் ரைமரை நிறுத்த மறக்க வேண்டாம்.