ஸ்கிம்மர் சரி, சம்ப் வேண்டாம்

பாண்டியில் கடல்மீன் தொட்டிக்கு ஃபில்டர் சாமான் விற்கும் கடைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்றில் சம்ப் (தொட்டித் தண்ணீர் இறங்கிச் சேரும், அறை அறையாய்த் தடுத்த கீழ்த்தொட்டி), புரோட்டீன் ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கி எடுக்கும் கருவி), ரிட்டர்ன் மோட்டார் (சம்பிலிருந்து தண்ணீரைத் திரும்ப மேலே ஏற்றுவது) மூன்றையும் பேக்கேஜாக வாங்கி ஓடவிட்டுச் சில மாதங்கள் ஆகின்றன. தொட்டி 3 அடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றரை அடி, 190 லிட்டர் சொச்சம் பிடிக்கும். கடைப் பெயரைப் போடவில்லை. திட்டுவதற்கு நிறைய இருக்கிறது, பையன்களோ நல்ல பையன்கள்.

ஸ்கிம்மர் பிரமாதம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதன் மோட்டாரில் சாதா விசிறிக்குப் பதில் ஊசி ஊசியாய்ப் பல் வைத்த சக்கரம், அது காற்றை இழுத்துப் பொடிப்பொடியாய் நறுக்கித் தண்ணீரில் விடுகிறது, மீன் கழிவிலும் மிச்சத் தீனியிலும் இருக்கும் புரதமும் கொழுப்பும் அழுகித் தண்ணீரைக் கெடுப்பதற்குள் அந்தக் குமிழிகளில் ஒட்டிக்கொண்டு நுரையாய் மேலேறிக் கோப்பையில் விழுந்துவிடுகின்றன. நல்ல தண்ணீர்த் தொட்டியில் இது நடக்காது, குமிழி இவ்வளவு பொடியாய் நிற்க உப்பு வேண்டும். சரியாக செட் ஆனபின் கோப்பையில் சேர்வது முதல் டிக்காஷன் நிறத்தில் இருக்கும். நாற்றத்தைச் சொல்லவே வேண்டாம், கோப்பையைச் சமையலறை சிங்கில் கழுவக் கூடாதென்று வீட்டில் கறாரான உத்தரவு.

ஆனால் அந்த 'சரியாக செட் ஆனபின்' வருவதற்குள் படாத பாடு. காரணம் சம்ப். ஸ்கிம்மர் நிற்கும் அறையில் தண்ணீர் 8 அங்குலம் இருக்க வேண்டும் என்று அதன் பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது, இவர்கள் கொடுத்த சம்பில் அந்த அறைத் தண்ணீரைத் தேக்கும் தடுப்பின் உயரம் 11 அங்குலம். ஸ்கிம்மர் அளவுக்கு மீறி மூழ்கியதால் நுரைக்குப் பதில் வெறும் தண்ணீராய்ப் பொங்கிக் கோப்பை ராத்திரியோடு ராத்திரியாக வழிந்துவிடும். போன் செய்தால், "அண்ணே, புது ஸ்கிம்மர்னா ஒரு வாரம் பத்து நாள் பொங்கத்தான் செய்யும்" என்கிறார் ஓனர். அது பாதி உண்மை. தயாரிப்பில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு போகும்வரை பொங்கும்தான், ஆனால் பிசுக்குப் போனதும் தடுப்பு 3 அங்குலம் குட்டையாகிவிடாதே. கடைசியில் டியூப்லைட் பெட்டிக்குப் போடும் வெள்ளை பிளாஸ்டிக் கட்டத்தை வெட்டி அடுக்கி அதன்மேல் ஸ்கிம்மரை ஏற்றி வைத்தேன், அன்றோடு பொங்கல் நின்றது.

இதைவிடப் பெரிய கோளாறு கரண்ட் போனால் தெரியும். மோட்டார் நின்றதும் ரிட்டர்ன் குழாய் வழியாகத் தொட்டித் தண்ணீர் தானாகவே கீழே இறங்கும், குழாய் வாய்க்குக் காற்று படும்வரை நிற்காது. என் தொட்டியில் 1 அங்குலம் என்பது பத்தரை லிட்டர், குழாய் வாய் 2 அங்குலம் மூழ்கியிருந்தால் 21 லிட்டர் சம்புக்கு வரும். இவர்கள் சம்பில் மிச்சமிருந்த இடம் அதில் பாதி, மீதி ஹாலுக்கு. நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே குழாயில் சின்ன ஓட்டை போட்டால் காற்று புகுந்து உறிஞ்சல் அறுந்துவிடும், பாசி அடைக்காமல் அவ்வப்போது குத்திவிட வேண்டும். தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் போகவிடும் நான்-ரிட்டர்ன் வால்வு போதுமென்று சொல்வார்கள். உப்புப் படிந்து அது மூடாமல் நிற்கிற அன்றைக்குத்தான் கரண்ட் போகும். வாங்கும்முன் கடையிலேயே மோட்டார் சுவிட்சை அணைத்துக் காட்டச் சொல்லுங்கள், மழுப்பினால் கிளம்பிவிடுங்கள்.

ரிட்டர்ன் மோட்டார் பரவாயில்லை, சத்தமில்லை. பெட்டியில் போட்டிருக்கும் மணிக்கு இத்தனை லிட்டர் என்பது உயரமே ஏறாதபோது வரும் கணக்கு, நான்கடி ஏறும்போது அதில் பாதி வந்தாலே பெரிது.

கடல்தான் பக்கத்தில் இருக்கிறதே, உப்புப் பாக்கெட் எதற்கு என்று கடையில் எல்லாரும் கேட்கிறார்கள், ஓனரும் தலையாட்டுகிறார். ஐப்பசி, கார்த்திகையில் கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் போய்ப் பாருங்கள், கெடிலமும் பெண்ணையாறும் கொண்டுவரும் செம்மண் தண்ணீரில் கடலே நிறம் மாறிக் கிடக்கும், உப்பும் இறங்கியிருக்கும். பவழத் தொட்டிக்கு அடர்த்தி 1.025 ஆடாமல் நிற்க வேண்டும், அதனால் ஆர்.ஓ. தண்ணீரில் பாக்கெட் உப்பைக் கலப்பதே நிம்மதி. ஆவியாகிக் குறைவதற்கு மட்டும் வெறும் ஆர்.ஓ. தண்ணீர், உப்பு ஆவியாகாது.

ஆக, ஸ்கிம்மரையும் மோட்டாரையும் தனியாகக் கேட்டு வாங்குங்கள், முனகிக்கொண்டே தருவார்கள். சம்பைக் கண்ணாடிக் கடையில் அளவு சொல்லிச் செய்துகொள்ளலாம். கடைக்காரர் பாத்ரூமுக்குப் போடும் சிலிகான் டியூபைக் கையில் எடுத்தால் மட்டும் தடுத்துவிடுங்கள், பூஞ்சை பிடிக்காமலிருக்க அதில் கலக்கும் மருந்து மீனுக்கு ஆகாது.