மூன்று பேருக்கு ஒரு பங்க் கட்டில்: வாங்கலாமா?

மார்க்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டிலுக்கு ஐந்துக்கு மூன்றரை. அதோடு சேர்த்துத் தலையில் கட்டப் பார்க்கும் மெத்தைக்கு ஒன்று.

நாங்கள் வாங்கியது இரும்பு பங்க் கட்டில். மேலே ஒரு படுக்கை, கீழே ஒன்று, அதற்கும் அடியில் சக்கரம் வைத்த இழுப்புக் கட்டில். விலை 23,500, பூட்டிக் கொடுக்கத் தனியாக 900. இணையத்தில் நாலைந்து கம்பெனிகள் ஏறக்குறைய இதே கட்டிலை வேறு வேறு பெயரில் விற்கின்றன. அதனால் எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், யாரிடம் வாங்கினாலும் கீழே சொல்வதெல்லாம் பொருந்தும்.

திருச்சியில் எங்களுடையது இரண்டு பெட்ரூம் வீடு, தலைக்கு மேல் நேரே மொட்டை மாடி. ஒரு அறையில் நாங்கள், ஹாலில் மாமியார். மிச்சமிருக்கும் பத்துக்குப் பதினொன்று அறையில் ப்ளஸ் டூ படிக்கும் பெரியவள், ஒன்பதாவது படிக்கும் நடுவுள்ளவள், நான்காம் வகுப்புப் பையன். பீரோவும் படிக்கிற மேசையும் அங்கேயேதான். தேசியக் கட்டட விதித் தொகுப்பு குடியிருக்கும் அறைக்குக் குறைந்தது 9.5 சதுர மீட்டர் கேட்கிறது, எங்கள் அறை அதற்குமேல் கொஞ்சம் வரும். அந்த விதியை எழுதியவர்கள் மூன்று புத்தகப் பைகளைப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.

பாய் விரித்துப் படுத்த காலத்தில் சண்டை ஒன்றே ஒன்றுதான், ஃபேனுக்கு நேர் கீழே யார் என்பது. கட்டில் வந்தால் அது தீரும் என்றார் என் வீட்டுக்காரர். பாதி தீர்ந்தது.

இந்தக் கட்டிலை வாங்க நினைப்பவர்கள் முதலில் அளக்க வேண்டியது தரையை இல்லை, ஃபேனை. விற்பனைப் பக்கத்தில் இருந்த படங்களில் ஒன்றில்கூட சீலிங் ஃபேன் இல்லை. நம் ஊரில் ஃபேன் இல்லாத படுக்கையறை எங்கே இருக்கிறது? 48 அங்குல ஃபேன் என்றால் நடுவிலிருந்து இறக்கை நுனிவரை இரண்டு அடி. எங்கள் அறை பத்தடி அகலம், ஃபேன் நட்ட நடுவில், அதாவது சுவரிலிருந்து ஐந்தடி. ஐந்தில் இரண்டு போனால் மூன்று. கட்டிலின் அகலம் சட்டத்தோடு சேர்த்து மூன்றடி இரண்டு அங்குலம். சுவரோடு ஒட்டிப் போட்டாலும் இறக்கை நுனி மேல் படுக்கையின் விளிம்புக்கு நேர் மேலே சுற்றும். உயரத்தையும் பாருங்கள். மேல் மெத்தை தரையிலிருந்து ஐந்தடி, ஃபேன் இறக்கை எட்டடி. பையன் எழுந்து உட்கார்ந்தால் தலை ஏழடியைத் தாண்டும். சோம்பல் முறிக்கக் கையைத் தூக்கினால் போதும்.

கட்டிலைப் பூட்ட வந்த பையனே இதைப் பார்த்துவிட்டு, "அக்கா, ஃபேனைக் கழட்டிட்டு அப்புறம் பசங்களை ஏத்துங்க" என்றான். கம்பெனி சொல்லாததை அவன் சொன்னான். சீலிங் ஃபேனைக் கழற்றிவிட்டு எதிர்ச் சுவரில் இரண்டு சுவர் ஃபேன் மாட்டினோம், ஒன்று மேல் படுக்கையின் உயரத்துக்கு, ஒன்று கீழே இருக்கிறவர்களுக்கு. ஒவ்வொன்றும் 2,600, எலக்ட்ரீஷியன் கூலி தனி. ஆக, கட்டில் விலையோடு ஆறாயிரத்தைச் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

அடுத்தது மெத்தை. மேல் படுக்கையின் தடுப்புக் கம்பி பலகையிலிருந்து 11 அங்குலம் உயரம். 'காம்போ' என்று அவர்கள் சேர்த்துக் கொடுப்பது 8 அங்குல மெத்தை. போட்டால் தடுப்பு மூன்று அங்குலம்தான் மிஞ்சும். தூக்கத்தில் புரளும் பிள்ளைக்கு அது தடுப்பே இல்லை. அமெரிக்காவில் மெத்தைக்கு மேல் ஐந்து அங்குலமாவது தடுப்பு நிற்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, ஐரோப்பிய தரம் 16 சென்டிமீட்டர் கேட்கிறது. ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தையை மேலே படுக்க வைக்கக் கூடாது என்பதில் இரண்டும் ஒன்று. கட்டிலோடு வந்த தாளிலேயே 'மெத்தை 5 அங்குலத்துக்கு மிகாமல்' என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. அப்படிப் போட்டுவிட்டு எட்டு அங்குலத்தை விற்கிறவர்களை என்ன சொல்ல? நான் மேலே நான்கு அங்குலத் தேங்காய் நார் மெத்தை போட்டேன், தடுப்பு ஏழு அங்குலம் நிற்கிறது. மாமியாருக்கு இலவம்பஞ்சு மெத்தைதான் வேண்டும். உடம்புக்குச் சூடு தராது என்பார், ஆனால் அதை அடிக்கடி வெயிலில் போட்டு எடுக்க வேண்டும். அவ்வளவு கனத்தை ஏணி வழியாக யார் இறக்குவது? கீழ்ப் படுக்கைக்கு மட்டும் இலவம்பஞ்சு என்று சமாதானமானோம்.

கீழ்ப் படுக்கையில் ஒரு குறை. அடியில் இழுப்புக் கட்டில் இருப்பதால் அது கொஞ்சம் தூக்கலாக நிற்கிறது, மெத்தைக்கும் மேல் பலகைக்கும் நடுவே 33 அங்குலம்தான். நடுவுள்ளவள் நிமிர்ந்து உட்கார்ந்தால் உச்சி இடிக்கிறது. கூன் போட்டுக்கொண்டு படிக்கிறாள். கட்டில் வந்த புதிதில் இதனால் அந்தப் படுக்கையை யாருமே சீண்டவில்லை. பிறகு நான் ஒரு பழைய சுங்குடிப் புடவையை இரண்டாக வெட்டி, ஓரம் தைத்து, மேல் சட்டத்தில் ஸ்பிரிங் கம்பி போட்டுத் திரை கட்டினேன். பெண் பிள்ளைகள் வளர்கிறார்கள், தம்பி கூடவே இருக்கிறான் என்பதற்காகத்தான் கட்டியது. திரை விழுந்த அன்றே கீழ்ப் படுக்கையின் மதிப்பு ஏறிவிட்டது. அறைக்குள் ஒரு அறை ஆகிவிட்டதே! மூன்று பேருக்கும் அதுதான் வேண்டும்.

இழுப்புக் கட்டில்தான் தொந்தரவு பிடித்த இடம். இழுத்தால் பீரோக் கதவு திறக்காது. மற்ற இருவரும் படித்து முடிக்கும்வரை அதில் படுக்கிறவர் காத்திருக்க வேண்டும், காலையில் முதல் ஆளாக எழுந்து உள்ளே தள்ளவும் வேண்டும். ரயிலில் மிடில் பெர்த் கதைதான். ரயில்வே அதற்கு இரவு பத்து முதல் காலை ஆறு என்று நேரம் வைத்திருக்கிறது. நாங்களும் அதையே எழுதி பீரோவில் ஒட்டினோம். பத்துக்கு மேல் இழுப்புக் கட்டிலை இழுக்க யாரும் தடை சொல்லக் கூடாது, பத்துக்கு முன்னால் இழுக்கக் கூடாது.

முதலில் சீட்டுக் குலுக்கிப் போட்டோம். பையனுக்கு மேல் படுக்கை, பெரியவளுக்குத் திரை, நடுவுள்ளவளுக்கு இழுப்புக் கட்டில் விழுந்தது. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. சீட்டு நியாயமானதுதான், ஆனால் படுக்கை மூன்றும் சமமாக இல்லையே. மாதம் ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம் என்றால் தலையணை, போர்வை, ஒளித்து வைத்த சாக்லேட் உறை எல்லாவற்றோடும் குடிபெயர வேண்டும். அன்றைக்கெல்லாம் வீடு ரெண்டுபடும்.

அப்புறம் வழி சொன்னது மாமியார்தான். அவர்கள் பக்கத்தில் வயல் பாகம் பிரிக்கும்போது மூத்தவர் பிரிக்க வேண்டும், இளையவர் முதலில் எடுக்க வேண்டும். பிரித்தவருக்குக் கடைசியில் மிஞ்சுவதுதான். "கட்டிலை மட்டும் பிரிச்சா எப்படி? மேசை இருக்கு, அலமாரி இருக்கு, ப்ளக் இருக்கு. எல்லாத்தையும் சேர்த்து மூணு பங்கு போடச் சொல்லு" என்றார். பெரியவள் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து எழுதினாள். மேல் படுக்கையோடு தனி ஃபேனும் மேல் தட்டும், ஆனால் ப்ளக் பாயின்ட் கிடையாது. திரைப் படுக்கையோடு ப்ளக்கும் நடுத்தட்டும், ஆனால் காலையில் அறையைப் பெருக்கும் வேலை. இழுப்புக் கட்டிலோடு மேசை முழுசாக, மேசை விளக்கு, ஜன்னல் திட்டு, சனி ஞாயிறு எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் எழுந்துகொள்ளும் உரிமை.

பையன் யோசிக்கவே இல்லை, மேல் படுக்கை. நடுவுள்ளவள் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டுத் திரையை எடுத்தாள். பெரியவளுக்கு மிஞ்சியது மேசை. அவளுக்கு நாலரைக்கு எழுந்து படிக்க அதுதான் வேண்டும், தம்பி தங்கைக்கு என்ன பிடிக்கும் என்பதும் தெரியும். "அப்பாயி, அவ தெரிஞ்சேதான் அப்படிப் பிரிச்சா" என்று நடுவுள்ளவள் பாட்டியிடம் நியாயம் கேட்டாள். "தெரியாமப் பிரிச்சா அதைவிட மோசமா இருக்கும்" என்று அப்பாயி முடித்துவிட்டார். ஜூனில் பள்ளி திறக்கும்போது அடுத்த பிரிப்பு, இந்தமுறை பிரிப்பது நடுவுள்ளவள். கிடைத்தது பிடிக்கவில்லை என்று இப்போதும் முணுமுணுப்பு உண்டு. ஏமாற்றிவிட்டார்கள் என்ற அழுகை மட்டும் நின்றுவிட்டது, எனக்கு அது போதும்.

ஒரு விஷயத்தை இந்தப் பிரிப்பில் சேர்க்க முடியவில்லை, வெயில். ஏப்ரல், மே மாதங்களில் திருச்சி 40 டிகிரியைத் தாண்டும். பகலெல்லாம் காய்ந்த தளம் ராத்திரி முழுக்க உள்ளே அனலை இறக்கும், அதற்கு மிகப் பக்கத்தில் இருப்பது மேல் படுக்கை. அக்னி நட்சத்திரம் முடியும்வரை மேலே யாருக்கும் படுக்கை இல்லை என்று வைத்துவிட்டோம். பையன் ஹாலில் அப்பாயி பக்கத்தில் பாய் போட்டுக்கொள்கிறான். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற வீட்டில் பங்க் கட்டில் வருடத்துக்குப் பத்து மாதப் பொருள்தான். கீழ்த்தள வீட்டுக்காரர்கள் இந்தப் பத்தியை விட்டுவிடலாம்.

மற்றபடி இரும்பு கெட்டி. மேல் படுக்கை 100 கிலோ தாங்கும் என்று எழுதியிருக்கிறது. என் வீட்டுக்காரர் ஏறிப் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் திரும்பிப் படுத்தால் கிரீச் சத்தம், அதில் கீழே இருக்கிறவள் விழித்துக்கொள்வாள். போல்ட் சேரும் இடங்களில் பழைய சைக்கிள் ட்யூபை வட்டமாக வெட்டி வாஷராகப் போட்டபின் சத்தம் அடங்கியது. கட்டிலோடு வரும் எல் வடிவச் சாவியைத் தொலைக்காதீர்கள், மாதம் ஒருமுறை முறுக்க வேண்டும். ஏணிப் படி உருண்டைக் கம்பி, உள்ளங்காலில் குத்துகிறது. பருத்திக் கயிற்றை நெருக்கமாகச் சுற்றிவிட்டோம். நாத்தனார் தன் நாலு வயதுக் குழந்தையோடு வரும்போது ஏணியைக் கழற்றிப் பீரோவுக்குப் பின்னால் வைத்துவிடுகிறேன். கழற்ற முடிகிற ஏணியாக இருப்பது இந்த மாடலில் எனக்குப் பிடித்த விஷயம். நிரந்தரமாக வெல்டிங் வைத்ததையும் விற்கிறார்கள், கேட்டு வாங்குங்கள். கொசுவலை? கீழே திரையோடு சேர்த்துக் கட்டலாம். மேலே கட்ட வழியில்லை, ஃபேன் காற்றுதான் காவல்.

இழுப்புக் கட்டிலின் சக்கரம் ப்ளாஸ்டிக். மூன்றாவது மாதமே ஒன்று உடைந்தது. சேவை எண்ணில் பேசினால் 'உதிரி பாகம் தனியாகக் கிடையாது, கட்டிலின் அடிப்பகுதியை முழுசாக அனுப்புங்கள்' என்றார்கள். காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் நான்கு ரப்பர் சக்கரம் 280 ரூபாய்க்குக் கிடைத்தது. இரண்டில் ப்ரேக் வைத்தது வாங்குங்கள், இல்லாவிட்டால் தூக்கத்தில் உதைத்தால் கட்டில் மேசைவரை உருண்டு போகும்.